எட்டாம் வகுப்பு வளர்த்த நாவல்

அமெரிக்காவில் ஏழாம், எட்டாம் வகுப்புகளைத் தாண்டி வந்தவர்களில் ஏராளமானோர் பொதுவாகப் படித்த நாவல் ஒன்று உண்டு: எஸ். இ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967 ஏப்ரலில் வைக்கிங் பதிப்பகம் அதை வெளியிட்டபோது எழுதியவருக்கு வயது 18. எழுதத் தொடங்கியபோது 15. ஓக்லஹாமா மாநிலத்து டல்சா நகரில், வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண் அவர். நாவலில் மூழ்கிக் கிடந்த அந்த ஆண்டில் பள்ளியின் படைப்பிலக்கிய வகுப்பில் தனக்குக் கிடைத்தது ‘டி’ கிரேடு என்று அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். பதின்பருவ நாவல் என்ற வகை இந்த நூலோடுதான் பிறந்தது என்று இலக்கிய வரலாறுகள் எழுதுகின்றன. பிறந்த வகையைப் பிற்பாடு பள்ளிகள் எடுத்துக்கொண்டன என்றும் சொல்கின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். பள்ளியின் ஆங்கில வகுப்பில் ஓர் இடம் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பப் பணமும் மலிவான புத்தகமும் புதுவகைப் பள்ளியும் 1960-களில் ஒருசேர வந்தன. அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்ட நூல் ‘தி அவுட்சைடர்ஸ்’. வகுப்பறை அதைப் பிடித்துக்கொண்டதால்தான் அது ஒரு வகையின் தொடக்கமாக நிலைத்தது. இல்லாவிட்டால் அந்த ஆண்டு வந்து போன எத்தனையோ நாவல்களில் அதுவும் ஒன்று.

காலியிடம் எப்படி உண்டானது என்று பார்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1874 வாக்கில் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் மாணவர்களை ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது. கட்டுரைப் பொருள் எந்தெந்த நூல்களிலிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தது: ஷேக்ஸ்பியரின் சில நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் ‘தி விகார் ஆஃப் வேக்ஃபீல்டு’, வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ என்று ஒரு சிறு பட்டியல். மற்றக் கல்லூரிகளும் ஆளுக்கொரு பட்டியல் போட்டன. எதை நடத்துவது என்று பள்ளிகள் திண்டாடிய பிறகு 1894-ல் பொதுப் பட்டியலுக்கு உடன்பாடு வந்தது. தேர்வில் எது வருமோ அதுவே இலக்கியம் என்றாகிவிட்டது. நோட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு நான்-டீடெயிலில் தேறிய நம்மூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்தக் கெடுபிடிக்கு எதிராகத்தான் 1911-ல் சிகாகோவில் ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை உருவானது. கல்லூரிப் பக்கமே போகப்போகாத பிள்ளைகளும் ஏன் கல்லூரிக்காரர்களின் பட்டியலைப் படிக்க வேண்டும் என்று அது கேட்டது. கட்டாயம் மெல்லத் தளர்ந்தது, நூல்கள் நகரவில்லை. பள்ளியில் அவற்றின் பிரதிகள் இருந்தன, ஆசிரியர்களுக்கும் அவற்றை நடத்திப் பழகியிருந்தது. 1963-ல் நாடு தழுவி ஒரு கணக்கெடுப்பு நடந்தபோதும் ‘மேக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ ஆகியவைதான் முன்வரிசையில் நின்றன.

இந்தப் பட்டியல் ஆட்சி செய்தது மேல்வகுப்புகளில். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழு நாவலாக எதைக் கொடுப்பது என்பதில் கல்லூரிகளுக்கு அக்கறை இருக்கவில்லை. அந்த வயதுக்குத் தனிப் பள்ளி என்ற எண்ணமே புதிது. 1909-ல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் ஜூனியர் ஹைஸ்கூல் என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. பெயரே சொல்வதுபோல அது உயர்நிலைப் பள்ளியின் குட்டிப் பதிப்பு. பாடமும் மேலே நடப்பதன் நீர்த்த வடிவம்தான். தொகைநூலிலிருந்து சில சிறுகதைகள், சில கவிதைகள், பெரிய நாவல்களிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் என்று காலம் ஓடியது. 1963-ல் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கல்வியாளர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், இந்த வயதை உயர்நிலைக்கான ஒத்திகையாகப் பார்க்காமல் அதற்கென்றே பள்ளி அமைக்க வேண்டும் என்றார். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளைக் கொண்ட நடுநிலைப் பள்ளிகள் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகின. புதிய கட்டடம், புதிய கால அட்டவணை எல்லாம் வந்தன. ஆங்கில ஆசிரியருக்கு மட்டும் கையில் மரபு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. அதை ஒரு குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. மரபு இல்லாத இடத்தில்தான் ஆசிரியரால் தானே நூலைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

தேர்ந்தெடுத்தால் வாங்கப் பணம் வேண்டும். 1965-ல் ஜான்சன் அரசு கொண்டுவந்த தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பள்ளி நூலகங்களுக்கும் பாடப் பொருள்களுக்கும் முதல் ஆண்டிலேயே 10 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கு முன்பே காகித அட்டைப் புத்தகம் வகுப்பறைக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. ஸ்காலஸ்டிக் நிறுவனத்தின் பதின்பருவப் புத்தகக் கிளப்பின் மெல்லிய ஆர்டர் தாளை ஆசிரியர் வகுப்பில் கொடுப்பார். பிள்ளைகள் வேண்டியதைக் குறித்துச் சில்லறையோடு திருப்பித் தருவார்கள். சில வாரங்களில் பெட்டி வந்து சேரும். புத்தக வியாபாரத்தின் முகவராக ஆங்கில ஆசிரியரே ஆன கதை இது. 1966-ல் வெளிவந்த டேனியல் ஃபேடரின் ‘ஹுக்டு ஆன் புக்ஸ்’ இதற்கு ஒரு கோட்பாட்டையும் கொடுத்தது. மிச்சிகனில் மேக்சி என்ற சிறார் சீர்திருத்தப் பள்ளியில், படிப்பு ஏறாது என்று கைவிடப்பட்ட பையன்கள் நடுவே அவர் காகித அட்டைப் புத்தகங்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் கொண்டுபோய்ப் போட்டார். மருந்துக் கடையில் நிற்குமே, அட்டைப் படம் முன்னால் தெரியும்படி சுழலும் கம்பித் தாங்கி, அதையே பள்ளிக்குள் நிறுத்தினார். தடித்த அட்டையும் பள்ளி முத்திரையும் இல்லாத புத்தகத்தை அந்தப் பையன்கள் கையில் எடுத்தார்கள். ஆசிரியர்கள் அந்த நூலைத் தேடிப் படித்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் தயாரான பிறகு ‘தி அவுட்சைடர்ஸ்’ வருகிறது. அதே 1967-ல் ராபர்ட் லிப்சைட்டின் ‘தி கன்டெண்டர்’, அடுத்த ஆண்டு பால் ஜிண்டெலின் ‘தி பிக்மேன்’. ஹின்டனின் நாவலை மலிவுப் பதிப்பாக மருந்துக் கடைகளில் விற்றுப் பார்த்தபோது அது பெரிதாக ஓடவில்லை; ஆசிரியர்கள் வகுப்புக்காகக் கூட்டமாக வாங்குவதைப் பார்த்துத்தான் இப்படி ஒரு தனிச் சந்தை இருப்பது பதிப்பகத்துக்குத் தெரிந்தது. இது எழுத்தாளர் தரப்பிலிருந்தே வந்த தகவல். என் வாதத்துக்கு இதைவிட நேரான சாட்சியம் தேவையில்லை. கடைக்கு வந்த பதின்பருவத்தார் தாங்களாகத் தேடி வாங்கிய நூலை வகுப்பறை பின்தொடரவில்லை. வகுப்பறை வாங்கியதை வைத்தே பதின்பருவத்தார் ஒரு வாசகக் கூட்டமாகக் கணக்கில் ஏறினார்கள். பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1983-ல் இதைப் படமாக்கியதும் பள்ளி வழியாகத்தான். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அருகே லோன் ஸ்டார் என்ற பள்ளியின் நூலகரும் மாணவர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பி, இந்த நாவலை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். படத்திலேயே அந்தப் பள்ளிக்கு நன்றி சொல்லப்படுகிறது.

நாவலின் உள்ளே பார்த்தாலும் வகுப்பறை அதன் எலும்புக்கூட்டில் இருப்பது தெரியும். கதை சொல்லும் போனிபாய்க்கு 14 வயது. ஏழைப் பகுதியின் கிரீசர் கும்பலைச் சேர்ந்தவன். பணக்கார வீட்டு சோஷ் பையன்களோடு நடக்கும் சண்டையில் அவன் நண்பன் ஜானியின் கையால் ஒரு கொலை விழுகிறது. இருவரும் ஊரை விட்டு ஓடிப் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் ஒளிந்துகொள்கிறார்கள். முடிவில் போனிபாய் ஆங்கிலப் பாடத்தில் தோற்கும் நிலையில் இருக்கிறான். நல்ல கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி போடுவதாக சைம் என்ற ஆசிரியர் சொல்கிறார். அவன் எழுதத் தொடங்கும் அந்தக் கட்டுரைதான் நாம் கையில் வைத்திருக்கும் நாவல். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றாகவே இருக்கின்றன. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்தப் பையன் பள்ளிக்காக டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படிக்க வேண்டியிருந்ததைச் சொல்லி, அதில் வரும் பிப்பைத் தன்னோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். பழைய பட்டியல் நாவலுக்குள் ஓரமாக நின்று எட்டிப் பார்க்கிறது. தேவாலயத்தில் ஒளிந்திருக்கும் நாட்களிலோ அவர்கள் வாசிப்பது ஜானி கடையில் வாங்கி வந்த காகித அட்டை ‘கான் வித் தி விண்ட்’. பள்ளியில் மக்கு என்று பெயரெடுத்த ஜானி அதிலிருந்து பிடித்துக்கொள்ளும் விஷயங்கள் போனிபாயையே திகைக்க வைக்கின்றன. ஆசிரியரின் கேள்வியும் தேர்வும் இல்லாத இடத்தில் மக்குப் பையன் நல்ல வாசகனாகிறான். ஃபேடர் ஒரு நூல் முழுக்க வாதாடியதைப் பதினாறு வயதுப் பெண் சில பக்கங்களில் காட்சியாக வைத்துவிட்டார். ஆசிரியர்களுக்கு இந்த நாவல் ஏன் பிடித்தது என்பதற்குக் கத்திச் சண்டையைவிட இதுவே பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு நூலகர்கள் பக்கமிருந்து வரும். 1929 முதலே நியூயார்க் பொது நூலகம் இளையோருக்கான நூல் பட்டியல் வெளியிட்டு வந்தது. பால்டிமோரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் பதின்பருவத்தாருக்கென்றே நூலகப் பணியை வளர்த்தார். அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1957-லேயே இளையோர் பிரிவு வந்துவிட்டது. மாரீன் டேலியின் ‘செவன்டீன்த் சம்மர்’ 1942-ல் வந்த நாவல். அப்படியிருக்க வகுப்பறை எப்படி இந்த வகைக்கு உரிமை கொண்டாடலாம்? வாசகரை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர்கள் நூலகர்கள்தாம். அதில் தகராறு இல்லை. நூலகத்தின் இயல்பு வேறு. அங்கே ஒரு நூலுக்கு ஒன்றிரண்டு பிரதிகள் இருக்கும், பிடித்தவர் எடுத்துப் போவார், பிடிக்காவிட்டால் அலமாரியிலேயே கிடக்கும். வகுப்பறை ஒரே நூலின் முப்பது பிரதிகளை வாங்குகிறது. அவை கிழிந்தால் மறுபடி அதே நூலை வாங்குகிறது. ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் அதே நாற்காலிகளில் வந்து உட்காருகிறார்கள். ‘செவன்டீன்த் சம்மர்’ தன் காலத்தில் நன்றாகவே விற்றது. இன்று அது ஆராய்ச்சியாளர்களின் நூல். ‘தி அவுட்சைடர்ஸ்’ ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி இன்னும் அச்சாகிறது. அச்சில் நிலைக்கும் நூல்களைச் சுற்றித்தான் ஒரு வகை உருவாகும். அந்த நிலைப்பைக் கொடுத்தது பாடத்திட்டம். ‘ட்விலைட்’, ‘தி ஹங்கர் கேம்ஸ்’ போல வகுப்பறையின் உதவியில்லாமலே கோடிகளைத் தொட்ட நூல்கள் 2000-க்குப் பிறகு வந்தன என்பதும் உண்மை. அதற்குள் வகைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கடைகளில் அதற்கென்று தனி அலமாரியும் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது மறுப்பு தரத்தைப் பற்றியது. டிக்கன்ஸ் படிக்க வேண்டிய வயதில் தெருச் சண்டைக் கதையைக் கொடுத்துப் பிள்ளைகளின் மொழியைக் கெடுத்துவிட்டோம் என்று புலம்புவோர் ஒவ்வொரு பத்தாண்டிலும் உண்டு. இந்தப் புலம்பல் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: முன்பு செவ்வியல் இலக்கியம் இருந்த இடத்தைப் பதின்பருவ நாவல் பறித்துக்கொண்டது என்ற ஊகம். 1989-ல் ஆர்தர் ஆப்பிள்பீ வெளியிட்ட கணக்கெடுப்பு அதற்கு இடம் தரவில்லை. பதின்பருவ நாவல் வகுப்புக்கு வந்து இருபது ஆண்டு ஆன பிறகும் பள்ளிகளில் அதிகம் நடத்தப்பட்ட முழு நூல்களின் வரிசையில் ‘ரோமியோ அண்டு ஜூலியட்’, ‘மேக்பெத்’, ‘ஹக்கிள்பெரி ஃபின்’, ‘ஜூலியஸ் சீசர்’ என்றுதான் பெயர்கள் தொடங்குகின்றன. மேலே யாரும் யாரையும் தள்ளவில்லை. கீழ்வகுப்புகளில் முழு நாவலே அரிதாக இருந்த இடத்தில் ஒரு முழு நாவல் வந்தது. தரத்தை அளக்கிறோம் என்று வந்த கருவிகளும் புலம்புவோருக்குத் துணையில்லை. சொல்லின் புழக்கத்தையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணிக் கடினம் கணிக்கும் லெக்ஸைல் அளவீட்டில் ‘தி அவுட்சைடர்ஸ்’ 750. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ 680. நோபல் பரிசு பெற்றவரின் பெருநாவலைவிடப் பள்ளிப் பெண்ணின் நாவல் கடினம் என்று சொல்லும் கருவியை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது, நானும் சேர்த்து.

பெற்றோரின் எதிர்ப்பு வேறு ரகம். அது என் வாதத்துக்கு ஒருவகையில் வலு சேர்க்கிறது. 1986-ல் விஸ்கான்சினின் சவுத் மில்வாக்கியில் இந்த நாவலை எதிர்த்தவர்கள், இதில் குடியும் போதையும் மலிந்து கிடக்கின்றன, வருகிறவர்கள் எல்லாம் சிதைந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்று காரணம் காட்டினார்கள். 1990-களில் அதிகம் எதிர்ப்பைச் சந்தித்த 100 நூல்களின் பட்டியலிலும் இது உண்டு. கடையில் விற்கும் நூலைப் பற்றி இப்படி மல்லுக்கட்டுவது அரிது. அரசுப் பள்ளி தன் அதிகாரத்தோடு பிள்ளையின் கையில் கொடுக்கும் நூல் என்பதால்தான் சண்டை. சட்டமும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டது. நியூயார்க் மாநிலத்து ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து சில நூல்களை அகற்றிய வழக்கில், 1982-ல் உச்ச நீதிமன்றம் கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலக நூல்களை எடுத்துவிட முடியாது என்ற பக்கம் சாய்ந்தது. பாடத்திட்டத்தில் வாரியத்துக்கு இருக்கும் பரந்த அதிகாரத்தை அந்தத் தீர்ப்பு தொடாமலே விட்டது. பதின்பருவ நாவலை வளர்த்த ஆசிரியரின் சுதந்திரம் எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதில்லை என்பதை இது காட்டுகிறது. யாரும் கவனிக்காத காலியிடத்தில் கிடைத்த சுதந்திரம் அது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வகுப்பறைக்குள்ளிருந்தே வந்தது. மெயின் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்த நான்சி ஆட்வெல் 1987-ல் ‘இன் தி மிடில்’ என்ற நூலை வெளியிட்டார். முப்பது பேரும் ஒரே நாவலை ஒரே வேகத்தில் படிப்பது எதற்கு, ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய நூலை எடுத்து வகுப்பிலேயே வாசித்து, அதைப் பற்றி ஆசிரியருக்குக் கடிதம் எழுதட்டும் என்றார். அவர் எதை எதிர்த்தார் என்பதை அறிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நடக்கும் வழக்கமான வகுப்பைப் பார்த்தால் போதும். பன்னிரண்டு அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு ஒரு சொல் பட்டியல், ஒரு குறுந்தேர்வு. கிரீசர் இந்த வட்டம், சோஷ் அந்த வட்டம், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் பொதுப் பண்புகள். நாவலில் வரும் ராபர்ட் ஃப்ராஸ்டின் எட்டு வரிக் கவிதை மனப்பாடம். கடைசி வாரம் கொப்போலா படம், பிறகு புத்தகத்துக்கும் படத்துக்கும் ஆறு வேற்றுமை எழுதுக. எந்த வாசிப்பிலிருந்து ஜானியை நாவல் விடுவித்ததோ அந்த வாசிப்புக்குள் நாவலையே அடைத்துவிட்டார்கள். ‘சைலஸ் மார்னர்’ நடத்திய கை அப்படியே இருக்க, நூல் மட்டும் மாறியது. ஆட்வெல்லின் இந்த விமரிசனத்தை நான் அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கத் தோன்றுகிறது. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு முழு நாவல் ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை கையில் கிடைப்பது இந்தக் கட்டாயத்தால்தான். தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது.

நிலைத்ததன் விலையும் உண்டு. கதை நடப்பது 1960-களின் நடுவில். நாவல் ஊரின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அது டல்சாதான். கறுப்பர்கள் செழித்து வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை 1921-ல் வெள்ளைக் கும்பல் எரித்த ஊர் அது. நாவலின் கிரீசர்களும் வெள்ளையர், சோஷ்களும் வெள்ளையர். சிறுவர் நூல்களின் உலகமே வெள்ளையாக இருக்கிறது என்று நான்சி லாரிக் 1965-லேயே எழுதியிருந்தார். அதே 1967-ல் வந்த ‘தி கன்டெண்டர்’ ஹார்லெமின் கறுப்பின இளைஞனைக் குத்துச்சண்டைக் களத்தில் நிறுத்தியது. 1976-ல் மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ வந்தது. 1999-ல் வால்டர் டீன் மயர்ஸின் ‘மான்ஸ்டர்’. 2010-ல் வந்த பொதுப் பாடத் தரங்களின் மாதிரிப் பட்டியலில் நடுநிலைக்கான கதைகளில் டெய்லருக்கு இடம் இருந்தது, ஹின்டனுக்கு இல்லை. பள்ளிகள் அதைச் சட்டை செய்யாமல் ‘தி அவுட்சைடர்ஸ்’ நடத்திக்கொண்டே இருக்கின்றன. பிரதிகள் அலமாரியில் இருக்கின்றன, கேள்வித்தாள் தயாராக இருக்கிறது, அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள். 2024-ல் அதன் இசை நாடக வடிவம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் வாங்கிவிட்டது. 1911-ல் ஆசிரியர்கள் எதிர்த்துக் கிளம்பிய பட்டியலும் இதே காரணங்களால்தான் அசையாமல் இருந்தது.

இந்த நாவல் வகுப்புக்குள் வந்தபோது அதன் பக்கம் இருந்த ஒரே நியாயம், படிக்கும் பிள்ளையின் காலத்தில், அந்தப் பிள்ளையின் வயதில் இருந்த ஒருவர் எழுதியது என்பது. இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவருக்கு கிரீசர் யார், சோஷ் யார் என்று ஆசிரியர் அடிக்குறிப்பு சொல்ல வேண்டியிருக்கிறது; அவருடைய தாத்தா பாட்டியின் இளமைக்காலக் கதை அது. இலக்கியமாக அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் காலாவதியாகிவிட்டது. ‘தி அவுட்சைடர்ஸ்’ வகுப்பு நூலகத்தில் எடுத்துப் படிக்கக் கிடைக்கட்டும். எல்லோருக்குமான பாடமாக இருந்தது போதும்.